வீட்டு இலக்கமும் வெறுப்பும்

(நுகேகொடையில் நடைபெற்ற ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. பிறரின் அந்தரங்கத்துக்குள் அத்துமீறுவதைத் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமாக்க வேண்டும் என்ற யோசனை ஒன்று. இனம், மதம் போன்ற காரணத்துக்காக ஒருவர் தாக்கப்பட்டால் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்பது மற்றது. சட்டப் புத்தகத்தில் இவை வெவ்வேறு அத்தியாயங்களில் வரும். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த தமிழருக்கு இவை வெவ்வேறாக வரவில்லை.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்முறை, விடிவதற்குள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று தமிழர் அதிகமாக வாழ்ந்த இடங்கள் மட்டும் தாக்கப்படவில்லை. சிங்களவர் வீடுகளுக்கு நடுவே ஒரேயொரு தமிழ்க் குடும்பம் இருந்த ஒழுங்கைகளும் தப்பவில்லை. இடமும் வலமும் இருந்த வீடுகள் அப்படியே நிற்க, நடுவில் இருந்த வீடு மட்டும் எரிந்தது. எந்த வீடு என்று எப்படித் தெரிந்தது? கும்பல்கள் பலவற்றின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. தப்பியவர்களும் நேரில் கண்டவர்களும் அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். வாக்குரிமைக்காக நாம் அரசுக்குக் கொடுத்த பெயரும் வீட்டு இலக்கமும், நம் கதவைக் கண்டுபிடிக்கும் வழிகாட்டியாக மாறின.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தரங்கம் என்றதும் படுக்கையறை, குளியலறை, கைபேசியில் உள்ள படம் என்றே மனம் போகிறது. அவை முக்கியந்தான், அவற்றுக்கு வருகிறேன். ஆனால் நான் யார், எங்கே இருக்கிறேன், எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்ற தகவலும் என் அந்தரங்கமே. அது வெறுப்புள்ளவன் கைக்குப் போனால் ஆயுதமாகும். முதலில் தகவல் கசியும். பிறகுதான் கல் விழும்.

2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். அன்று வெளிவந்த கணக்கின்படி 376 பேர். பெரும்பாலானோரை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்த முதியவர்கள், வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். யார் எந்த லொட்ஜில், எந்த ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார் என்பது பொலிஸாருக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் பொலிஸ் பதிவு. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கை இந்த மண்டபத்தில் பலருடைய கை. ஆகவே அந்தரங்கச் சட்டம் என்று வரும்போது நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி: இது அரசையும் கட்டுப்படுத்துமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல தொடக்கம். நம்முடைய தரவைச் சேகரித்து வைத்திருக்கும் வங்கி, வைத்தியசாலை, கம்பனி, திணைக்களம் ஆகியவற்றுக்கு அது கடமைகளை விதிக்கிறது. ஆனால் தனிமனிதன் ஒருவன் தன் சொந்தத் தேவைக்காகச் செய்யும் காரியம் அதன் எல்லைக்குள் வராது. அறைச் சுவரில் ஓட்டை போட்டுக் கமரா வைப்பவன் தரவு நிறுவனம் அல்லவே.

அந்த அறையைப் பற்றி இந்த ஊரில் பேசியே ஆகவேண்டும். கங்கொடவிலையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து படிக்க வரும் பெண் பிள்ளைகள் இந்த ஒழுங்கைகளில் போர்டிங் எடுத்துத் தங்குகிறார்கள். ஒரு பிள்ளை குளிப்பதை ஒளிந்திருந்து ஒருவன் படமெடுத்தான், படம் எங்கும் போகும் முன் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடுவது? 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையில் ஒளிந்து படமெடுப்பது என்ற பெயரில் ஒரு குற்றம் இல்லை. 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது. அதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்கே தெரியாமல் நடந்த ஒன்று அவளுக்கு எப்படித் தொந்தரவாகும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டினது. அதன் கவலை கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது. மிஞ்சுவது 1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம்.

இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு மிகுந்த வேதனை தருவது. ஆபாசச் சட்டத்தின் பார்வையில் தவறு படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா என்று அது கேட்பதில்லை. அதனால்தான் தன் படம் பரவுகிறது என்று முறையிடப் போகும் பெண்ணிடம், நீ ஏன் அப்படியொரு படம் எடுத்தாய் என்று முதலில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தாய் முறைப்பாட்டைத் திரும்பப் பெறத்தான் என்னிடம் வழி கேட்டார்.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவரது அந்தரங்கத் தகவலை இணையத்தில் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. அந்த ஒரு பகுதியின் தேவையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது வெளியிட்ட பிறகே விழித்துக்கொள்ளும் சட்டம். படமெடுத்தல், வைத்திருத்தல், வெளியிடுவேன் என்று மிரட்டுதல் ஆகிய கட்டங்களில் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை. அதோடு நோக்கத்தை நிரூபிக்கும் சுமையும் இருக்கிறது. காசுக்காக விற்றேன், யாரையும் துன்புறுத்தும் எண்ணம் எனக்கில்லை என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வது?

அயலில் ஒரு முன்மாதிரி உண்டு. 2012 டிசெம்பர் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23இல் அறிக்கை தந்தது. அதையடுத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்ற பிரிவு சேர்ந்தது. இப்போது அது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. தனிமையை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் பெண்ணொருத்தியை ஒளிந்து பார்ப்பதே குற்றம். படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். அதன் விளக்கக் குறிப்பில் ஒரு வரி மிக அருமையானது. படமெடுக்கச் சம்மதித்தவள் அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதித்தவளாக மாட்டாள் என்ற கருத்தை அது சட்டமாக்கியிருக்கிறது. நம் பொலிஸ் நிலைய மேசைகளில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு அதுவே பதில். ஒரு குறை, அது பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராக ஏற்கிறது. நாம் எழுதும்போது எந்தப் பாலினத்தவருக்கும் பொருந்துமாறு எழுதவேண்டும். மிரட்டலுக்கு ஆளாகும் ஆண் பிள்ளைகள் வெளியே சொல்வதே இல்லை. இல்லாத உடலோடு இருக்கும் முகத்தை ஒட்டிச் செய்யும் செயற்கைப் படங்களும் வந்துவிட்டன. அவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும்.

இதை எழுதும்போது மிரிஹானையை மறக்கக்கூடாது. 2022 மார்ச் 31 இரவு, இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், அன்றைய ஜனாதிபதியின் சொந்த வீட்டுக்குப் போகும் பாங்கிரிவத்தைப் பாதையில் எதிர்ப்புத் தெரிவிக்க மக்கள் திரண்டார்கள். அங்கே நடந்ததை நாடு அறிந்தது மக்களின் கைபேசிகளால். தனியார் வீட்டின் முன்னே எடுத்த படமெல்லாம் அந்தரங்க மீறல் என்று தளர்வாக எழுதிய சட்டமொன்று அன்று இருந்திருந்தால், படமெடுத்தவர்கள்தான் முதலில் கூண்டில் ஏறியிருப்பார்கள். அவதூறைக் குற்றமாக வைத்திருந்த பிரிவுகளை இந்த நாடு 2002இல் நீக்கியது. அந்தரங்கம் என்ற பெயரில் அவை பின்கதவால் திரும்பி வரக்கூடாது. அதிகாரத்தில் இருப்பவர் கடமையின்போது செய்வதைப் படமெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமையைச் சட்டத்துக்குள்ளேயே தெளிவாக எழுதவேண்டும். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

இனி வெறுப்புக்கு வருகிறேன். அந்தரங்கமும் வெறுப்பும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு 2019 மே மாதம் குருநாகலில் நடந்தது போதும். முஸ்லிம் வைத்தியரான ஷாபி ஷிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதையை ஒரு நாளேடு முதற்பக்கத்தில் போட்டது. மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் என்ன நடந்துவிட்டது? அவரிடம் பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் வந்து முறையிடுங்கள் என்று அழைத்தார்கள். பெண்களின் பிரசவம், மலட்டுத்தன்மை, கருக்குழாய் எல்லாம் தொலைக்காட்சி விவாதமாயின. ஒரு மதத்தின் மீதான வெறுப்பு, இன்னொரு சமூகத்துப் பெண்களின் மிக அந்தரங்கமான மருத்துவத் தகவலை எரிபொருளாக்கிக்கொண்டது.

இப்படிப்பட்ட வெறுப்பைத் தண்டிக்க நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் மத உணர்வைப் புண்படுத்துவதைப் பற்றியவை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சமூகங்களுக்கிடையே பகைமை உண்டாக்குவது பற்றி ஒரு பிரிவு உண்டு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாரபட்சம், பகைமை அல்லது வன்முறையைத் தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவோருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவில் கைதானவருக்கு மேல் நீதிமன்றமே, அதுவும் விசேட காரணங்கள் இருந்தால்தான், பிணை தரலாம்.

யார் மீது இவை பாய்ந்தன என்று பாருங்கள். ஊடகவியலாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகம் கட்டுரைகள் எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31இல் இருபது வருடக் கடூழியச் சிறை பெற்றார். அடுத்த ஆண்டு பொதுமன்னிப்பில் விடுவிக்கப்பட்டார். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகச் சமவாயச் சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் விளக்கமறியலில் கிடந்தார். தமிழில் எழுதிய கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தொகுப்புக்காக 2020 மே மாதம் பிடிக்கப்பட்டு, 2021 டிசெம்பரில்தான் பிணையில் வந்தார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 2023 டிசெம்பர் ஆயிற்று. உலக மனித உரிமைச் சமவாயத்தின் பெயரைத் தாங்கிய சட்டம் ஒரு கதாசிரியரைச் சிறையில் வைத்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அதே சட்டத்தில், 2018 மார்ச்சில் திகனயில் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது தூண்டிவிட்டோர் சிலர் கைதானதும் உண்மை. கலகொட அத்தே ஞானசார தேரர் இஸ்லாத்தை அவமதித்த வழக்கில் 2024 மார்ச்சில் நான்கு வருடத் தண்டனை பெற்றதும் உண்மை. அவர் அதைப் பேசியது 2016இல். சக்தியுள்ளவர் வழக்கு எட்டு வருடம் நடக்கிறது. சக்தியற்றவர் தீர்ப்புக்கு முன்பே தண்டனையை அனுபவித்து முடிக்கிறார்.

2015 டிசெம்பரில் அன்றைய அரசு வெறுப்புப் பேச்சுக்கென 291இ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் சட்டமூலத்தை வர்த்தமானியில் வெளியிட்டது. நல்லெண்ணத்தோடு வந்த அரசு அது. அளுத்கமவில் 2014இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்கு விடையாகவே அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வாசகத்தை வாசித்தவர்கள் திடுக்கிட்டார்கள். திஸ்ஸநாயகத்தைச் சிறைக்கு அனுப்பிய பயங்கரவாதத் தடைச் சட்டப் பிரிவின் சொற்களே ஏறத்தாழ அப்படியே அதில் இருந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம். ஏ. சுமந்திரன் உட்படப் பலர் எதிர்த்தார்கள், சட்டமூலம் கைவிடப்பட்டது. சமூகங்களுக்கிடையே மனக்கசப்பு என்றால் எதையும் அதற்குள் போடலாம். காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றி ஒரு தாய் பேசினாலும் யாருக்கோ மனம் கசக்கும்.

அதனால் என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறேன். பேச்சைக் குற்றமாக்கும் இன்னொரு பிரிவு நமக்கு வேண்டாம். செயலைத் தண்டிக்கும்போது அதன் காரணத்தையும் நீதிமன்றம் பார்க்கட்டும். இன்று ஒரு கடை கொளுத்தப்பட்டால் குற்றப்பத்திரத்தில் தீ வைத்தல் இருக்கும், சட்டவிரோதக் கூட்டம் இருக்கும், நட்டம் எவ்வளவு என்பது இருக்கும். அந்த வரிசையில் அந்த ஒரு கடை ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பது எங்கும் இருக்காது. எரிந்தது கடைக்காரரின் பொருள் மட்டுமென்றால் நட்டஈட்டோடு முடிந்துவிடும். அன்றிரவு அந்தச் சமூகத்தின் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை உடுப்போடு படுக்கவைக்கிறார்களே, அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் தண்டனை கூடவேண்டும்.

பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பகைமையோடு செய்த குற்றங்களைத் தனியாக வகுத்தது. பகைமை காரணமாகத் தண்டனை கூடுகிறது என்றால் நீதிபதி அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. இங்கும் அது வேண்டும். எரித்ததற்கு இவ்வளவு, தமிழன் என்பதற்காக எரித்ததற்கு மேலும் இவ்வளவு என்று தீர்ப்பில் பிரித்து எழுதட்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த வாக்கியம் நட்டஈட்டை விடப் பெரியது.

எண்ணத்தைத் தண்டிக்கலாமா என்ற எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1993இல் விஸ்கொன்சின் எதிர் மிட்செல் வழக்கில் இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒருவன் என்ன நினைக்கிறான், என்ன சொல்கிறான் என்பது தனியே குற்றமாகாது. ஆனால் இனம் பார்த்து ஆளைத் தெரிவு செய்து அடித்தால், அவன் சொன்னது நோக்கத்துக்குச் சாட்சியாகலாம் என்று ஏகமனதாகத் தீர்த்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர் கறுப்பின இளைஞர். அடிபட்டவன் வெள்ளையினச் சிறுவன். சிறுபான்மையினரின் பாதுகாப்புக்கென்று நாம் கேட்கும் சட்டம் நம்மவர் மீதும் பாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். பாயட்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை, முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்துக்காக, வெளியேற்றியவர்கள் தமிழர்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றதும் அப்படித்தான். எந்தச் சமூகத்தின் கை என்று பார்க்காத சட்டத்தைத்தான் நாம் கேட்க உரிமையுள்ளவர்கள்.

எந்தெந்தக் காரணங்கள் என்ற வரிசையில் அலட்சியம் கூடாது. இந்தியா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தும் புதிய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவரோ கூடி இன, சாதி, மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையில் மதம் என்ற சொல் நேரடியாக இல்லை. கும்பல் கொலைகள் பலவற்றின் காரணமே மதமாக இருந்த நாட்டில் அந்த விடுபடல் சிறியதல்ல. நம் வரிசையில் இனம், மதம், மொழி நிச்சயம் வரும். சாதி வருமா? இலங்கையில் பாரபட்சத்தைக் குற்றமாக்கிய பழைய சட்டங்களில் ஒன்று 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம். அது சாதியைப் பற்றியது. நம்முடைய கோயில் வாசல்களைப் பற்றியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடித்தள மக்களை மறித்து நின்ற சி. சுந்தரலிங்கத்தின் மீது அதன்படி வழக்குத் தொடரப்பட்டு, அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஆகவே சாதியைச் சேர்க்கும்படி கேட்கவேண்டியவர்கள் முதலில் தமிழர்களே. சிங்கள அதிகாரி அதைச் சேர்க்க மறந்தால் எனக்கு வியப்பில்லை. நாம் மறந்தால் அது வேண்டுமென்றே மறந்ததாகும்.

பால்நிலை அடையாளமும் சேரவேண்டும். ஒரே பாலினத்தாரின் உறவைக் குற்றமாக வைத்திருக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது; அதன் பிறகும் அது சட்டமாகவில்லை. அந்தப் பிரிவுகள் இருக்கும்வரை, படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டப்படும் ஓர் இளைஞன் பொலிஸுக்குப் போகமாட்டான். போனால் அவனே சந்தேகநபர். எவ்வளவு நல்ல அந்தரங்கச் சட்டம் எழுதினாலும் அவனுக்கு அது எட்டாது.

கடைசியாகக் காலத்தைப் பற்றி. நம் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரைத்த பிறகு ஒரு சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராக ஏராளமான மனுக்கள் போயின. உயர் நீதிமன்றம் பல வாசகங்களைத் திருத்தச் சொன்னது. 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியபோது, சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் முறையிட்டார்கள். பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையொப்பமிட்டதும் வழி அடைபட்டது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி இன்று மறுபடி பேசுகிறார்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வந்து நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின் மனுப்போட நமக்குக் கிடைப்பது மிகச் சில நாட்கள். தமிழ்ப் பிரதியை எடுத்து வாசிக்க, சிங்களப் பிரதியோடு ஒப்பிட, மனுவைத் தயாரிக்க எல்லாம் அந்த நாட்களுக்குள்தான். இந்த மண்டபத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். அந்தரங்கப் பிரிவையும் தண்டனைப் பிரிவையும் பிரித்து, ஆளுக்கொன்றாக எடுத்து வாசிக்கும் குழுவொன்றை வர்த்தமானி வரும் முன்பே அமைத்து வையுங்கள். வரைபை எழுதுவதில் உதவ நான் தயார். கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயர்களைத் தாருங்கள்.